சிவப்பு மையும் மணலும்

ஆசிரியன் எதனால் களைத்துப் போகிறான் என்ற கேள்விக்கு நம்மிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: பிள்ளைகளால். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தமிழாசிரியனாக இருக்கிறேன். நாற்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்பில் ஒரு பீரியட் முழுக்கப் பேசிவிட்டு வெளியே வரும்போது தொண்டை வறண்டிருக்கும், கால் கடுக்கும். ஆனால் அது ஒரு காரியத்தைச் செய்துவிட்டு வருகிறவனின் அலுப்பு. ஒரு கிளாஸ் டீயில் போய்விடும். டீயில் போகாத களைப்பு ஒன்று உண்டு. ஸ்டாஃப் ரூம் மேஜைமேல் அடுக்கி வைத்திருக்கும் கட்டுரை நோட்டுகளைப் பார்த்த மாத்திரத்தில் அது வந்து தோளில் உட்கார்ந்துகொள்கிறது. பாடம் நடத்துவதால் வருவதல்ல அது. பாடம் நடத்தியதற்குச் சாட்சியம் தயாரிப்பதால் வருவது.

இந்த வித்தியாசம் பிடிபடாததால்தான் ஆசிரியரின் மன அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லப்படும் யோசனைகள் எல்லாம் வேடிக்கையாக முடிகின்றன. சில வருஷங்களுக்கு முன் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். தலைப்பு: மன அழுத்த மேலாண்மை. காலையில் ஒரு கையெழுத்து, உணவு இடைவேளைக்குப் பிறகு ஒன்று, மாலையில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நதியைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். (பக்கத்திலிருந்த வரலாற்று ஆசிரியர் உண்மையாகவே தூங்கிவிட்டார். அன்றைக்குப் பயன் பெற்றவர் அவர் ஒருவர்தான்.) முடிவில் பயிற்சி எப்படி இருந்தது என்று ஒரு படிவம், பள்ளிக்குத் திரும்பிச் சக ஆசிரியர்களுக்கு இதை எடுத்துச் சொன்னதாக ஓர் அறிக்கை, சொன்னபோது எடுத்த புகைப்படம். அழுத்தத்தைக் குறைக்க வந்தது போகும்போது மூன்று வேலைகளை விட்டுவிட்டுப் போயிற்று. நதியைக் கற்பனை செய்வதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. வேலையில் இருக்கிற கோளாறை, வேலை செய்கிறவனுடைய மூச்சில் தேடுகிறார்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

கணக்கைப் பார்த்துவிடலாம். எனக்கு வாரத்துக்கு 28 பீரியட். பீரியடுக்கு நாற்பது நிமிஷம் என்றால் 18 மணி 40 நிமிஷம். நான்கு வகுப்பு, வகுப்புக்கு 42 பேர், ஆக 168 கட்டுரை நோட்டு. வாரம் ஒரு கட்டுரை. ஒன்றைப் படித்துத் திருத்த நாலு நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் 11 மணி 12 நிமிஷம். இதில் கையெழுத்து நோட்டையும் வீட்டுப்பாட நோட்டையும் நான் சேர்க்கவில்லை. பாடக் குறிப்பேடு, எமிஸில் ஏற்றவேண்டிய விவரங்கள், உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், சீருடை, செருப்பு, சைக்கிள் வாங்கியவர் பட்டியல், இவையும் கணக்கில் வரவில்லை. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் அட்டவணை ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்கிறது, பாடத்துக்குத் தயாராகும் நேரமும் இதற்குள் அடக்கம். அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியர்களைக் கல்வி அல்லாத வேலைக்கு அனுப்பக்கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றை மட்டும் விலக்காகச் சொல்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே எது கல்வி அல்லாத வேலை என்று சட்டம் யோசித்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கல்வி அல்லாத வேலை எது என்று யோசிக்கவில்லை.

அந்த நாலு நிமிஷம் யாருக்கும் கிடைப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். முப்பது வினாடி கிடைக்கும். முப்பது வினாடியில் படிக்க முடியாது. டிக் அடிக்கலாம், இரண்டு ஒற்றுப்பிழையைச் சுழிக்கலாம், தேதி போட்டுக் கையெழுத்திடலாம். நோட்டு திருத்தப்பட்டுவிடும். வாசிக்கப்பட்டிருக்காது.

நானிருப்பது வேடசந்தூர்ப் பக்கம். நூல் மில்கள் நிறைந்த பிரதேசம். என் வகுப்பு மாணவி ஒருத்தி, புது நோட்டு வாங்காமல் போன வருஷத்து நோட்டின் மிச்சப் பக்கங்களிலேயே எழுதிவந்தாள். ஒரு நாள் அதன் முன்பக்கங்களைப் புரட்டினேன். 'என் தாய்' என்று ஒரு கட்டுரை. முன்னுரை, வழிகாட்டி நூலிலிருந்து அப்படியே இறக்கியது. வகுப்பில் அத்தனை பேரும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். இரண்டாவது பத்தியில், நூலில் இல்லாத ஒரு வாக்கியம் வருகிறது: 'எங்கம்மா தலையில் பஞ்சு இருந்தால் விடிந்துவிட்டது என்று அர்த்தம்.' நைட் ஷிஃப்ட் முடிந்து மில் வேனில் வந்து இறங்கும் அம்மாவைத் தூக்கக் கண்ணோடு பார்த்த பிள்ளை எழுதிய வாக்கியம். அதில் 'எங்கம்மா' என்பது சிவப்பில் அடிக்கப்பட்டு, மேலே 'என் தாய்' என்று எழுதப்பட்டிருந்தது. பக்கத்தின் அடியில் ஒரு நீண்ட டிக். 'நன்று.' தேதி. கையெழுத்து.

திருத்திய ஆசிரியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அடுக்கில் தொண்ணூறாவது நோட்டாக அது அவர் கைக்கு வந்திருக்கும். தொண்ணூறாவது 'என் தாயை'ப் படிக்கிறவருக்குப் பஞ்சு கண்ணில் படாது. எந்தப் பெரிய விமர்சகனுக்கும் படாது. இதே வாக்கியம் ஒரு சிறுபத்திரிகையில் கவிதை என்ற பேரில் வந்திருந்தால் நாம் படிமம், அனுபவத் தளம் என்று இரண்டு பக்கம் எழுதியிருப்போம். எதிர்த்து நாலு கடிதம் வந்திருக்கும். (நம்முடைய மதிப்புரைகளில் பாதியும் முப்பது வினாடி டிக்குகள்தாம் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். புத்தகம் 'பார்வையிடப்பட்டது' என்பதற்குமேல் அவற்றில் எதுவும் இல்லை.) அந்த வருஷத்துக்குப் பிறகு அவள் அந்த மாதிரி வாக்கியம் எதையும் எழுதவில்லை. நோட்டு முழுக்கப் பார்த்தேன். எல்லாம் வழிகாட்டித் தமிழ். 'எங்கம்மா' தவறு, 'என் தாய்' சரி என்று அவள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஆக, ஆசிரியனின் வேலைச்சுமை என்பது ஆசிரியனின் சௌகரியத்தைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. அந்தச் சுமை முதலில் தின்பது கவனத்தை. கவனம் போனபிறகு வேலை மட்டும் நின்றுவிடாமல் தொடர்கிறது.

இந்த நோட்டுமலை எப்போது வந்தது என்று யோசித்துப் பார்க்கலாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இது கிடையாது. காரணம் எளிது. பிள்ளைகள் மணலில் எழுதினார்கள். விரலால் எழுதியதை உபாத்தியாயர் அங்கேயே பார்ப்பார், அல்லது சட்டாம்பிள்ளை பார்ப்பான். தப்பாக இருந்தால் அழித்து அதன்மேலேயே மறுபடி எழுதவேண்டும். சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிப்போக உபாத்தியாயரிடம் எதுவும் மிஞ்சாது. மணலுக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பிரம்பும் மனப்பாடமும் அங்கே ஆட்சி செய்தன. யாரெல்லாம் அந்தத் திண்ணையில் ஏறவே முடியாது என்பதும் தெரிந்ததே. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தைப் படித்தவர்களுக்குச் சட்டாம்பிள்ளையின் அதிகாரம் எப்படிப்பட்டது என்று விளக்கவேண்டியதில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அங்கே திருத்துவது கற்பிப்பதற்குள்ளேயே நடந்தது. அது தனி உத்தியோகமாகப் பிரியவில்லை.

இதைப் பார்த்து வியந்தவர் ஒரு வெள்ளைக்காரர். 1789இல் சென்னை எழும்பூரில், ராணுவத்தினரின் ஆண் குழந்தைகளுக்கான அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். நம் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டுத் தம் விடுதியிலும் அதைச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் எழுத்துத் தெரிந்த ஒரு எட்டு வயதுப் பையனை விட்டுச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அவன் செய்துகாட்டினான். 1797இல் லண்டனில் இதைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இது இங்கிலாந்தெங்கும் பரவியது. பெல்லின் சொந்த ஊரான ஸ்காட்லாந்தின் ஸெயின்ட் ஆண்ட்ரூஸில் 'மெட்ராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது.

ஆனால் அங்கே போனபிறகு அதற்கு நேர்ந்தது வேறு. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே போன்ற முறையைக் கையாண்டார். ஒரே கூடத்தில் சில நூறு பிள்ளைகள், ஓர் ஆசிரியர், வரிசைக்கு ஒரு சட்டாம்பிள்ளை. ஏறக்குறைய ஒரு ஆலை. ஆசிரியரின் சுமையைக் குறைக்கும் முறை, ஆசிரியரின் எண்ணிக்கையைக் குறைக்கும் முறையாகிவிட்டது. வேலையைக் குறைக்கிறேன் என்று வருகிற எதையும் நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இந்தக் கதை ஒரு காரணம். மிச்சமாகும் நேரம் யாருடைய பைக்குப் போகிறது என்று கேட்கவேண்டும்.

நம் காலத்திலும் ஒரு தரம் மணல் திரும்பி வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007-08இல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிய செயல்வழிக் கற்றலில், ரிஷிவேலியைப் பின்பற்றிய அட்டைகளும் ஏணியும் இருந்தன என்பது பலருக்கு நினைவிருக்கும். எனக்குப் பிடித்தது அட்டை அல்ல. சுவரின் அடிப்பாகத்தில் பிள்ளையின் உயரத்துக்குப் பூசிய கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். எழுதலாம், அழிக்கலாம். ஆசிரியர் பாயில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பினால் போதும், யார் எதில் திணறுகிறார்கள் என்று தெரிந்துவிடும். (எங்கள் காலத்தில் சிலேட்டைக் கோவை இலையால் துடைப்போம். துடைத்தபின் வரும் அந்தப் பச்சை வாசனைக்காகவே தப்பாக எழுதிய நாட்கள் உண்டு.) பிறகு அந்த முறையின்மேலும் பதிவேடுகள் ஏறின. எந்தப் பிள்ளை ஏணியின் எந்தப் படியில் நிற்கிறது என்று எழுதிவைப்பது, பிள்ளையைப் படியேற்றுவதைவிட முக்கியமாயிற்று.

மேல்வகுப்பில் மணலுக்கு வழியில்லை. காகிதம் வேண்டும், ஒரு பிள்ளை தான் எழுதியதை ஒரு மாசம் கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும் என்பதும் முக்கியம். ஆகவே சில வருஷங்களாக நான் செய்துவருவதைச் சொல்கிறேன். வாரத்துக்கு, வகுப்புக்கு எட்டு நோட்டு. அவ்வளவுதான். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரை பீரியடில், நோட்டுக்குரிய பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படிக்கிறேன். ஒரு பீரியடில் நாலு பேரை முடிக்கலாம். ஒரு பிள்ளையின் முறை மறுபடி வர ஐந்தாறு வாரம் ஆகும். பாக்கி வாரங்களில் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் நோட்டை மற்றவர் வாய்விட்டுப் படிக்கிறார்கள். கண்ணுக்குத் தப்பும் விட்டுப்போன சொல் வாய்க்குத் தப்பாது. வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

சிவப்பு மை கிடையாது, பென்சில். என்னை நிறுத்திய வாக்கியத்துக்கு அடியில் ஒரு கோடு. பிழையிருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி. எது பிழை என்று சொல்லமாட்டேன். பையனே தேடவேண்டும். முக்கால்வாசி கண்டுபிடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் அவை தெரியாததால் வந்தவை அல்ல, அவசரத்தில் வந்தவை. உண்மையாகவே தெரியாத பிழைகள் எல்லோருக்கும் ஒன்றுதான். 'முயற்சி'யில் றகரத்துக்குப் பிறகு ஒரு 'ச்' போட்டு 'முயற்ச்சி' என்று எழுதுவதை அறுபது நோட்டில் அறுபது தடவை சுழிப்பதற்குப் பதில், ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம் போர்டில் பேசினால் தீர்ந்தது. தீரவில்லையென்றாலும் அறுபது சுழியாலும் அது தீர்ந்ததில்லை.

கட்டுரைக்கு மதிப்பெண் போடுவதில்லை. 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலில் செய்த ஒரு சோதனை பற்றி இதற்குப் பிறகுதான் படித்தேன். சில பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களே தேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். எண் இருந்தால் அதற்கு அப்புறம் எழுத்தை யாரும் படிப்பதில்லை. வகுப்பறையில் நின்ற எந்த ஆசிரியனுக்கும் இது ஆச்சரியமாக இராது. இங்கிலாந்திலும் 2016இல் அரசாங்கம் அமைத்த குழு ஒன்று, நோட்டுத் திருத்துவது வீண் சுமையாகிவிட்டது, திருத்தலின் அளவைத் தரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்று அறிக்கை தந்தது. அவர்களுடைய மணல் முறையை நாம் கொடுத்தோம். நம்முடைய நோட்டு முறையை அவர்கள் கொடுத்தார்கள். இப்போது அவர்களே அதில் அமிழ்ந்து கத்துகிறார்கள்.

சட்டாம்பிள்ளையையும் வைத்திருக்கிறேன், வாரத்துக்கு ஒருவர். நோட்டு வாங்கித் தருவது, போர்டு துடைப்பது, தேதி எழுதுவது. ஒரே ஒரு தடை: பேசியவர் பெயரைப் போர்டில் எழுதக்கூடாது. வேலையைப் பகிரலாம், வேவு பார்ப்பதைப் பகிரக்கூடாது. தொண்டையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சத்தம் அதிகமானால் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். சில நாள் அடங்காது. அன்றைக்கு ஜன்னலில் ஏதாவது நன்றாகத் தெரியும்.

இதையெல்லாம் எங்கள் பள்ளிக் கணித ஆசிரியையிடம் உற்சாகமாகச் சொன்னேன். பஸ்ஸில் மடியில் வைத்து நோட்டுத் திருத்திக்கொண்டு வருகிறவர். முழுக்கக் கேட்டுவிட்டு, 'அய்யா, நீங்க சொல்றது சரிதான். ஆனா ராத்திரி நான் நோட்டோட உக்காந்தாத்தான் வீட்ல யாரும் என்னை எழுப்ப மாட்டாங்க' என்றார். மாமியாருக்கு வெந்நீர், பையனுக்குத் தோசை, விடிந்தால் மூன்று பேருக்கு டிபன் கட்டவேண்டும். சிவப்புப் பேனா கையிலிருக்கும் ஒரு மணி நேரம்தான் அவர் நாற்காலியில் உட்காரும் நேரம். 'இதையும் குறைச்சிட்டா அந்த ஒரு மணிக்கும் மாவாட்டச் சொல்லுவாங்க.' நான் பதில் சொல்லவில்லை. லங்காஸ்டரின் கூடத்தைப் பற்றி நான் கேட்ட கேள்வியைத்தான் அவர் தம் வீட்டைப் பற்றிக் கேட்டார். வேலைச்சுமையைக் குறைப்பது பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், என்னையும் சேர்த்து. வீட்டில் சோறு தயாராக இருப்பதாக வைத்துக்கொண்டே யோசிக்கிறோம்.

ஆண்டாய்வு வந்தது. ஆய்வுக்கு முந்தின நாள் தலைமையாசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனிதர். 'தமிழய்யா, நீங்க படிக்கிறது எனக்குத் தெரியும். படிச்ச மாதிரி தெரியணுமே. ஒரு டிக் மட்டும் அடிச்சு வச்சிடுங்களேன்' என்றார். படித்தது வேறு, படித்த மாதிரி தெரிவது வேறு என்பதை எந்த இலக்கிய சித்தாந்தியும் இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை. நான் அடிக்கவில்லை. மறுநாள் வந்த அதிகாரி பத்து நோட்டைப் புரட்டினார். பென்சில் கோடுகள் அவர் கண்ணில் படவில்லை. 'என்ன சார், வருஷம் பூராவும் திருத்தவே இல்லையா?' பக்கத்தில் நின்ற ஒரு பையனிடம் எந்த வரிக்கு எதற்குக் கோடு போட்டேன் என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அவருக்கு நேரமில்லை, அவருக்கும் அன்றைக்கு மூன்று பள்ளி, அவருக்கும் அவர் ஆய்வு செய்ததற்கு ஒரு படிவம். கட்டுரை ஏடுகள் முறையாகத் திருத்தப்படவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கு விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு இரண்டு பக்கத்தில் பதில் எழுதினேன். பதில் படிக்கப்பட்டதா, பார்வையிடப்பட்டதா என்று தெரியாது.

பெற்றோரும் வருகிறார்கள். மில்லில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்த ஒரு தகப்பனார், 'மத்த வகுப்புல எல்லாம் சிவப்பா திருத்திக் கொடுக்கறாங்க, எம் பொண்ணு நோட்டு மட்டும் வெறுமையா இருக்கே அய்யா' என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பு ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த எழுத்து. தன் பிள்ளையை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கு அது ஒன்றுதான் அவரிடம் அடையாளம். பெண்ணை விட்டு நோட்டைப் படிக்கச் சொன்னேன். அவள் கோடு போட்ட வரியை மட்டும் படித்தாள். அவர் தலையை ஆட்டினார். திருப்தியடைந்தாரா என்று சொல்லமுடியாது. டீச்சருக்கு மரியாதை கொடுத்துவிட்டுப் போனார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்போது அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வந்திருக்கின்றன. 168 கட்டுகள் இல்லை, 168 தாள்கள்தாம். இவற்றைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கமுடியாது. திங்கட்கிழமைக்குள் மதிப்பெண்ணை எமிஸில் ஏற்றவேண்டும். சிவப்புப் பேனா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.